நோயாளியின் கட்டிலருகே ஒரு போர்வீரர்



போர்வீரர் ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் கண் முதலில் அவருடைய பதக்கங்களைத்தான் தேடும். இங்கிலாந்தைச் சேர்ந்த லெனாட் செஷயரிடம் அவற்றுக்குக் குறைவிருக்கவில்லை. 1917இல் பிறந்து, ஒக்ஸ்போட்டில் சட்டம் பயின்ற இவர், இரண்டாம் உலக மகாயுத்தத்தில் விமானப்படை வீரராக நூறு தடவைகள் போருக்குப் பறந்தார். 1944இல் விக்ரோறியாச் சிலுவை பெற்றார். அது ஒரு நாட் செயலுக்காக அன்று, நான்கு ஆண்டுகள் தளராது நின்ற துணிவுக்காக வழங்கப்பட்டது.

அதே ஆண்டு பெப்ரவரியில் பிரான்சின் லிமோஜ் நகரில், ஜேர்மானியருக்கு விமான இயந்திரங்கள் செய்த தொழிற்சாலையைத் தகர்க்கும் பொறுப்பு இவரிடம் வந்தது. உள்ளே இரவு வேலையில் இருந்தவர்களோ பிரெஞ்சுப் பெண்கள். செஷயர் கூரைக்குச் சற்று மேலாக மும்முறை பறந்து அவர்களை எச்சரித்து, வெளியேற அவகாசம் கொடுத்த பின்னரே குண்டுவீசினார்.

1945 ஓகஸ்ட் 9ஆந் திகதி நாகசாகியில் அணுக்குண்டு வெடித்ததைப் பிரித்தானியாவின் பார்வையாளராக விமானத்திலிருந்து கண்டார். அந்நகரின் உரகாமிப் பகுதியில் தலைமுறைகளாக விசுவாசத்தைக் காத்த ஆயிரக்கணக்கான கத்தோலிக்கர் அன்று மாண்டனர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அக்குண்டே போரை முடித்தது என்ற எண்ணத்தைச் செஷயர் இறுதிவரை கைவிடவில்லை. அதை ஏற்றுக்கொள்வது எமக்கு இலகுவன்று. ஆனால் அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வதும் முறையன்று.

போருக்குப்பின், ஹம்ப்சயரில் லீ கோட் என்ற பெரிய வீட்டில், படையிலிருந்து விலகியவர்கள் கூடி வாழ ஒரு குடியிருப்பை அமைத்தார். அது கடனில் முடிந்தது. அவ்வேளை, முன்பு அங்கு வாழ்ந்த ஒருவர் புற்றுநோயால் மரணத்தறுவாயில் இருப்பதாகவும், அவருக்குப் போக்கிடமில்லை என்றும் வைத்தியசாலையிலிருந்து செய்தி வந்தது. செஷயருக்கு நோயாளரைப் பராமரித்துப் பழக்கமில்லை, கையிற் பணமுமில்லை. ஆயினும் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து, தாமே கழுவித் துடைத்து உணவூட்டினார். அந்த நோயாளி ஒரு கத்தோலிக்கர். 1948 ஓகஸ்டில் அவர் இறந்தார். அதே ஆண்டு நத்தாருக்கு முதல்நாள் செஷயர் திருச்சபையிற் சேர்ந்தார்.

அதற்குள் வேறு நோயாளரும் லீ கோட்டுக்கு வந்துகொண்டிருந்தனர். 1952இல் காசநோய் செஷயரையே இரண்டாண்டுகளுக்கு மேலாகப் படுக்கையில் வீழ்த்தியது. எழுந்ததும் இந்தியா சென்று பம்பாயில் இல்லம் தொடங்கினார். 1959இல் அந்நகரிலேயே, போரினால் நலிந்தோருக்குப் பணிபுரிந்த சூ ரைடர் அம்மையாரை மணந்தார். நம் இலங்கையிலும் செஷயர் இல்லம் உருவாயிற்று.

1992 யூலை 31இல், தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோயினால் அவர் காலமானார். அப்போது ஏறக்குறைய ஐம்பது நாடுகளில் அவர் பெயரிலான இல்லங்களில், அங்கவீனர் பலர் பராமரிக்கப்பட்டு வந்தனர்.