நோயாளர் கட்டிலருகே ஒரு பழைய போர்வீரர்

வைத்தியசாலைக் கட்டிலில் ஓரிரவேனும் படுத்தெழுந்தவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். வைத்தியர் காலையில் வந்து பார்த்துச் செல்வார். எஞ்சிய பொழுதெல்லாம் நோயாளரின் நலன் தாதியரின் கண்களிலும் கைகளிலுமே தங்கியிருக்கின்றது. நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதனை உணர்ந்து, அப்பணிக்கென்றே ஒரு துறவற சபையை நிறுவியவர் புனித கமில்லஸ் தெ லெல்லிஸ். இவரது திருநாள் யூலை 14. ஆயினும் இவரை இளமையில் அறிந்தவர் எவரும், இவர் ஒருநாள் பீடத்திற்கு உயர்த்தப்படுவார் என எண்ணியிருக்க மாட்டார்கள்.

1550 மே 25 இல், இத்தாலியின் அப்ருஸ்ஸோ பகுதியிலுள்ள புக்கியானிக்கோ என்னும் ஊரில், முதிய வயதுத் தாய்க்குப் பிள்ளையாகப் பிறந்தார் கமில்லஸ். சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை போர்வீரர். மகனும் அவர் வழியே படையிற் சேர்ந்து, வெனிஸ் குடியரசின் கொடியின் கீழ்த் துருக்கியருக்கு எதிராகப் போரிடச் சென்றார். ஆறடிக்கும் மேற்பட்ட உயரம், கட்டுக்கடங்காக் கோபம், எந்நேரமும் சூதாட்டம் என இருந்த அவரது காலில், கணுக்காலுக்கு மேலே ஒரு புண் தோன்றியது. அப்புண் பின்னர் வாழ்நாள் முழுவதும் ஆறவேயில்லை.

அதற்குச் சிகிச்சை தேடியே 1571 இல் உரோமையிலிருந்த புனித யாக்கோபு வைத்தியசாலைக்கு அவர் வந்தார். தீராத நோயாளருக்கென அமைந்த இடம் அது. சிகிச்சை பெற்றுக்கொண்டே அங்கு பணியாளராகவும் இருந்தார். சீட்டாட்டமும் சண்டையும் அவரை விடவில்லை. நிர்வாகத்தினர் அவரை வெளியேற்றினர். மீண்டும் போர்க்களம், மீண்டும் சூது. 1574 இல் நாப்போலி நகரில் வாளையும் துப்பாக்கியையும் மட்டுமன்றி, உடுத்திருந்த மேற்சட்டையையும் பணயம் வைத்துத் தோற்றார்.

வயிற்றுப் பிழைப்புக்காக, மன்பிரெதோனியாவில் கப்புச்சின் துறவியர் எழுப்பிக்கொண்டிருந்த கட்டடத்தில் கூலியாளாகச் சேர்ந்தார். ஒரு வேலையாக அவரை சான் ஜோவான்னி ரொத்தொந்தோவிலுள்ள மடத்திற்கு அனுப்பினர். (பின்னாளில் புனித பாத்ரே பியோ வாழ்ந்து, 1956 இல் பெரும் வைத்தியசாலையொன்றைத் திறந்துவைத்ததும் இதே ஊரில்தான்.) அங்கு மடத்தலைவர் அவரோடு தனியே பேசினார். மறுநாள், 1575 பெப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள். திரும்பும் வழியில் கமில்லஸ் தாம் ஏறிவந்த விலங்கிலிருந்து இறங்கி, தரையில் முழந்தாளிட்டு அழுதார்.

கப்புச்சின் துறவியாவதே அதன்பின் அவரது ஒரே ஆசை. ஆனால் முரட்டுத் துறவற ஆடை உராய்ந்து காற்புண் மீண்டும் திறந்துகொண்டது. ஏற்றுக்கொண்ட துறவியர் அவரைத் திருப்பியனுப்பினர். குணமடைந்து மீண்டும் சென்றார். அதே புண், அதே முடிவு. ஒருமுறை வெளியேற்றப்பட்ட அதே புனித யாக்கோபு வைத்தியசாலைக்கே திரும்பினார். இம்முறை அங்கிருந்தோர் வேறொரு மனிதரைக் கண்டனர். காலப்போக்கில் வைத்தியசாலையின் மேற்பார்வை முழுவதும் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டது.

மேற்பார்வையாளரான பின்னரே பணியின் சீரழிவு அவரை உறுத்தத் தொடங்கியது. நோயாளரைப் பராமரித்தவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டோர். தண்டனையாக அப்பணிக்கு அனுப்பப்பட்டோரும் அவர்களிடையே இருந்தனர். கைவிடப்பட்ட நிலையில் எத்தனையோ பேர் உணவும் நீருமின்றிக் கிடந்தனர். உயிர் பிரியுமுன்னரே பிணமென எண்ணி அப்புறப்படுத்தப்பட்டோரும் உண்டு. மூச்சு நின்றதாகத் தோன்றிய பின்னரும் கால்மணி நேரமேனும் அருகிலிருந்து செபிக்க வேண்டும், முகத்தை மூடலாகாது எனக் கமில்லஸ் பின்னர் தம் சகோதரர்களுக்குக் கட்டளையிட்டதன் காரணம் இதுவே.

1582 ஓகஸ்ட் மாதத்தில், கூலி கருதாது இறையன்புக்காகவே நோயாளருக்குப் பணிசெய்யும் ஒரு குழுவை அமைக்கும் எண்ணம் அவருள் உதித்தது. குருவானால் நோயாளரின் ஆன்மாவுக்கும் உதவலாம் என்பதால், முப்பது வயதைக் கடந்த நிலையில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் கற்று, 1584 இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவரது ஒப்புரவுக் குருவாயிருந்த புனித பிலிப்பு நேரி, அவர் வைத்தியசாலையை விட்டு விலகித் தனிக்குழு அமைப்பதை விரும்பவில்லை. கமில்லஸ் தம் வழியே சென்றார். புனிதர்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு என்பது எனக்கு ஆறுதலாகவே இருக்கின்றது.

தோழர்களுடன் அவர் உரோமையின் பெரிய வைத்தியசாலையான தூய ஆவி வைத்தியசாலையிற் பணியைத் தொடங்கினார். அவர் வகுத்த விதிகளை இன்று வாசித்தாலும் வியப்பு உண்டாகும். தாயொருத்தி நோயுற்ற தன் ஒரே பிள்ளையைப் பேணுவது போல ஒவ்வொரு நோயாளரையும் பேணவேண்டும் என்பது அவற்றின் உயிர்நாடி. படுக்கையை மாற்றுதல், உணவை ஊட்டுதல், இரவில் விழித்திருத்தல் அனைத்தும் சகோதரரின் கடமைகள். சாளரங்களைத் திறந்து காற்றோட்டம் தருதல், நோய்க்கேற்ற உணவு வழங்குதல், தொற்றுநோயாளரைத் தனிப்படுத்துதல் ஆகியவற்றையும் அவர் வலியுறுத்தினார்.

1586 இல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் குழுவை அங்கீகரித்து, அங்கியில் செஞ்சிலுவை அணிய இசைவளித்தார். 1591 இல் அது துறவற சபையாக உயர்த்தப்பட்டபோது, ஏனைய மூன்று வார்த்தைப்பாடுகளுடன் நான்காவது ஒன்றும் சேர்ந்தது: தம் உயிருக்கே ஆபத்து நேரினும் நோயாளருக்குப் பணிசெய்தல். அது வெறும் எழுத்தாக இருக்கவில்லை. அதற்கு முன்னரே, நாப்போலியில் கொள்ளைநோய் கண்டு துறைமுகத்துள் விடப்படாத கப்பல்களில் ஏறிப் பணிசெய்த சகோதரர்களுள் இருவர் அந்நோயினாலேயே இறந்திருந்தனர். (இச்செஞ்சிலுவையையும் செஞ்சிலுவைச் சங்கத்தின் சின்னத்தையும் சிலர் ஒன்றாக எண்ணுவர். பிந்தியது 1864 இல் ஜெனீவாவில் ஏற்கப்பட்டது. சுவிஸ் கொடியின் நிறங்களை மாற்றியமைத்தது.)

அவரை வாட்டிய பெரும் சோதனை சபைக்குள்ளிருந்தே வந்தது. 1594 இல் மிலான் நகரின் பெரிய வைத்தியசாலையில் நோயாளரின் முழுப் பராமரிப்பையும், சபை ஆலோசகர்களைக் கேளாமலே அவர் ஏற்றுக்கொண்டார். பலர் எதிர்த்தனர். இரவும் பகலும் வைத்தியசாலையிலேயே கழிந்தால் செபமும் குழும வாழ்வும் என்னாவது, ஆன்ம உதவியன்றோ முதற்கடமை என்பது அவர்கள் வாதம். குருவாகிய எனக்கு அவர்களை எளிதிற் குறைகூற இயலவில்லை. அவ்வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் கமில்லஸ் மலந்துடைப்பதையும் செபிப்பதையும் இரு வேறு பணிகளாகக் கண்டதேயில்லை. 1600 இல் பாப்பரசர் எட்டாம் கிளமெந்து, ஆன்ம உதவியும் உடற்பணியும் இரண்டுமே சபைக்குரியவை எனத் தீர்த்துவைத்தார்.

படுக்கையருகே போதிய கைகள் வேண்டும் என்ற அவரது பிடிவாதத்திற்கு இன்று எண்களும் சான்று பகர்கின்றன. ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 வைத்தியசாலைகளில், சத்திரசிகிச்சை பெற்ற 4 இலட்சத்து 20 ஆயிரத்திற்கும் மேற்பட்ட நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2014 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. தாதியொருவரின் பொறுப்பில் ஒரு நோயாளர் கூடும்போது, அனுமதிக்கப்பட்டு 30 நாட்களுக்குள் நோயாளர் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதத்தால் உயர்கின்றது என்பது அதன் முடிவு. உயர்கல்வி பெற்ற தாதியர் கூடுதலாக இருந்த இடங்களில் இறப்புக் குறைந்திருந்தது. தாதியரின் பற்றாக்குறையை வெறும் நிர்வாகச் சிக்கலெனப் பேசுவோர் இதனை எண்ணிப்பார்ப்பது நலம்.

1598 கிறிஸ்து பிறப்பை அண்டிய நாட்களில் தைபர் ஆறு பெருக்கெடுத்தது. உரோமை கண்ட வெள்ளங்களுள் அதுவே மிகப் பெரியது. ஆற்றங்கரையிலிருந்த தூய ஆவி வைத்தியசாலைக்குள் நீர் ஏறிவந்தது. கமில்லஸ் தம் சகோதரர்களுடன் இரவெல்லாம் நோயாளரைத் தூக்கிச் சுமந்து மேல்மாடியிற் சேர்த்தார். அப்போதும் அவரது காலில் புண் இருந்தது.

1607 இல் தலைமைப் பொறுப்பைத் துறந்து, சாதாரண சகோதரராக நோயாளரிடம் திரும்பினார். நிற்க முடியாத நாட்களில், படுக்கையிலிருந்து இறங்கித் தவழ்ந்தே அடுத்த கட்டிலில் கிடப்பவருக்கு ஏதேனும் வேண்டுமா எனப் பார்த்து வருவாராம். 1614 யூலை 14 இல், உரோமையில் மதலேன் மரியாள் ஆலயத்தை ஒட்டிய மடத்தில், 64 ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார். 1746 இல் புனிதராக உயர்த்தப்பட்டார். 1886 இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் அவரை நோயாளரின் பாதுகாவலராகவும், 1930 இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் தாதியரின் பாதுகாவலராகவும் அறிவித்தனர்.