சயரோகிகளின் தோழர் எட்வேட் ட்றூடோ

தம்மைப் பற்றிய நோயை முற்றாக வெல்ல இயலாதிருந்தும், அந்நோயாற் பிறர் படும் துயரைத் துடைப்பதற்கே வாழ்நாளை ஈந்தோர் உலகிற் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்க வைத்தியர் எட்வேட் லிவிங்ஸ்ரன் ட்றூடோ. சயரோகம் என்ற சொல்லைக் கேட்டவளவில் உற்றாரும் நடுங்கிய காலத்தில், வறிய நோயாளருக்கென ஓர் இல்லம் அமைத்தவர் அவர்.

1848ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில், வைத்தியர் மரபில் அவர் தோன்றினார். இளமைப் பருவத்தைப் பாரிஸ் மாநகரிற் கழித்துத் தாய்நாடு மீண்டார். சின்னாளில் அவருடைய தமையனாரைச் சயரோகம் பற்றியது. அது தொற்றுநோய் என்பதை அக்கால வைத்தியர் அறிந்திலர். குளிர்காற்றுப் படலாகாது எனக் கருதிச் சாளரங்களைச் சாத்திவைக்கப் பணித்தனர். அடைத்த அவ்வறையில் இரவு பகலாகத் தமையனாருக்குப் பணிவிடை செய்தார் ட்றூடோ. 1865இல் தமையனார் உயிர் துறந்தார். அன்பினாற் செய்த அப்பணியே தம்பிக்கும் நோய் புகும் வாயிலாயிற்றுப் போலும்.

1871இல் வைத்தியப் பட்டம் பெற்று, அவ்வாண்டிலேயே இல்லறமும் ஏற்றார். ஈராண்டு கழியுமுன் அவருடைய சுவாசப்பையிற் சயரோகம் காணப்பட்டது. அந்நாளில் அது மரணத்தீர்ப்புக்கு ஒப்பானது. இறுதி நாள்களைத் தாம் விரும்பிய காட்டிடத்தே கழிப்போம் என எண்ணி அடிறொண்டாக் மலைப்பிரதேசம் சென்றார். ஆங்கு தூய காற்றும் ஓய்வும் நல்லுணவும் அவருக்குப் புத்துயிர் அளித்தன. நகர் திரும்பினால் நோயும் திரும்பிற்று. ஆகவே 1876இல் மனைவி மக்களுடன் சறனாக் ஏரிக் கிராமத்திற் குடியேறினார்.

செல்வர் மலைக்கு வரலாம். ஆலைத் தொழிலாளி என் செய்வான்? இவ்வினா அவரை வருத்தியது. சைலீசிய மலைப்புறத்திற் பிறேமர் என்னும் வைத்தியர் நடத்திய ஆரோக்கிய நிலையத்தைப் பற்றி 1882இற் படித்தபோது அவருக்கு வழி புலப்பட்டது. மலை வழிகாட்டிகளாய் உழைத்த எளிய மக்கள் தம்முட் பணம் சேர்த்து நிலம் வாங்கித் தந்தனர். 350 டொலர் நன்கொடையாற் சிவப்பு வண்ணச் சிறுகுடில் ஒன்று எழுந்தது. 1885இல் ஆலைத் தொழிலாளரான சகோதரியர் இருவர் அங்கு முதல் நோயாளராயினர். நோயாளரிடம் செலவிலும் குறைந்த தொகையே பெறப்பட்டது. எஞ்சியதை ட்றூடோ ஆண்டுதோறும் அன்பர்பால் இரந்து பெற்றார். தமக்கென ஊதியம் கொண்டாரல்லர்.

தொண்டோடு ஆராய்ச்சியையும் அவர் இணைத்தார். றொபேட் கொக் என்னும் யேர்மானிய அறிஞர் 1882இற் சயரோகக் கிருமியைக் கண்டறிந்திருந்தார். அக்கிருமியைத் தாமும் வளர்க்கக் கற்ற ட்றூடோ, முயல்களை மூன்று கூட்டமாக்கி, கூட்டத்துக்கு 5 ஆக வைத்துச் சோதித்தார். கிருமி ஏற்றி இருண்ட ஈரமான இடத்தில் அடைக்கப்பட்டவற்றுள் 4 மாண்டன. கிருமி ஏற்றித் தீவொன்றிற் காற்றும் ஒளியும் உணவும் பெற விடப்பட்டவற்றுள் 4 பிழைத்தன. கிருமியின்றி இருளில் வாடியவை மெலிந்தனவேயன்றிச் சயரோகம் உறவில்லை. நோய்க்கு வித்து கிருமியே. அதனை எதிர்க்கும் வலிமையோ வாழ்நிலையைச் சார்ந்தது என்பதை இச்சோதனை காட்டிற்று.

1893ஆம் ஆண்டு அவருக்குக் கொடிய ஆண்டாயிற்று. அருமை மகளைச் சயரோகம் கவர்ந்தது; வீட்டையும் அதனுள் இருந்த ஆய்வுக்கூடத்தையும் தீ உண்டது. எனினும் அவர் தளர்ந்திலர். அன்பர் உதவியால் மறு ஆண்டிலேயே கல்லாலான புதிய ஆய்வுக்கூடம் எழுந்தது. 1904இற் சயரோகத் தடுப்புக்கென அமைந்த தேசிய சங்கம் அவரையே முதற் தலைவராக்கியது. அச்சங்கமே 1973 முதல் அமெரிக்க சுவாசப்பைச் சங்கம் என வழங்குகிறது.

1915ஆம் ஆண்டு நவம்பரில் ட்றூடோ இறந்தார். மரணத்தீர்ப்புக்குப் பின் 42 ஆண்டுகள் அவர் வாழ்ந்திருந்தார். அவரிடம் சிகிச்சை பெற்றோர் பொருள் திரட்டி 1918இல் அவருக்குச் சிலை நிறுவினர். நோயைக் கொல்லும் மருந்துகள் வந்தபின், 1954இல் அவ்வாரோக்கிய நிலையம் மூடப்பட்டது. காற்றும் ஓய்வும் பலரைக் காக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் அவர் முயற்சி வீணாயிற்று என்பது பொருந்தாது. மருந்தில்லாத காலத்தில் நோயாளியைக் கைவிடாமையே மருந்தாக நின்றது.

இன்று ஏறக்குறைய 6 மாத மருந்திற் சயரோகம் பெரும்பாலும் குணமாகும். எனினும் உலகில் ஆண்டுதோறும் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனால் மாள்கின்றனர். வறுமையும், பிறர் விலக்குவர் என்னும் நாணமும் பலரை மருந்தினின்றும் பிரிக்கின்றன. இருமும் அயலவரைக் கண்டு முகம் சுளியாது, வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வோமாயின், அம்மலைநாட்டுச் செம்மலின் தொண்டில் நாமும் ஒரு சிறு பங்கு கொண்டவராவோம்.