பேலா பார்ட்டொக் (1881 – 1945)

ஹங்கேரி நாட்டின் இசையை உலகறியச் செய்தவர்களுள் பேலா பார்ட்டொக் முதன்மையானவர். பியானோ வாத்தியக் கலைஞர், இசையமைப்பாளர், ஆசிரியர், நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த ஆய்வாளர் எனப் பல துறைகளில் உழைத்தவர். இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டதே ஏனையவற்றுக்கு வேராக அமைந்தது.

இவர் 1881 மார்ச் 25இல் நாகிசென்ட்மிக்லொஷ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அன்று ஹங்கேரியுடன் இருந்த அவ்வூர் இன்று ருமேனியாவைச் சேர்ந்தது. தந்தையார் விவசாயப் பாடசாலை ஒன்றின் அதிபர். பார்ட்டொக்குக்கு ஏழு வயதாக இருக்கும்போது தந்தையார் இறந்தார். ஆசிரியத் தொழில் செய்து பிள்ளைகளை வளர்த்த தாயாரே இவருக்குப் பியானோவையும் கற்பித்தார். பதினொரு வயதில் முதன்முதலாக மேடையேறிய சிறுவன், டனியூப் நதியின் ஓட்டத்தைச் சித்திரிக்கும் தனது சொந்த ஆக்கத்தையும் அன்று வாசித்தான்.

உயர்கல்விக்கு வியன்னா நகரில் இடம் கிடைத்தும் அதை விடுத்துப் புடாபெஸ்ட் இசைக் கழகத்தில் 1899இல் சேர்ந்தார். அங்கு இவருக்குப் பியானோ கற்பித்த தோமான், புகழ்பெற்ற பிரான்ஸ் லிஸ்ற்றின் மாணவர். 1907இல் அதே கழகத்தில் பியானோப் பேராசிரியரானார்.

1904ஆம் ஆண்டு இவரது வாழ்வின் திருப்புமுனையாகும். கிராமமொன்றில் தங்கியிருந்தபோது, பணிப்பெண் ஒருத்தி பாடிய பாடல் தற்செயலாக இவர் காதில் விழுந்தது. அது நகரத்து உணவகங்களில் ஜிப்சி வாத்தியக் குழுக்கள் வாசித்த இசையைப் போன்றதன்று. அக்காலத்தில் அந்த உணவக இசையே ஹங்கேரியரின் நாட்டார் இசை எனப் பலரும் நம்பினர். லிஸ்ற் கூட அவ்வாறே கருதினார். உண்மையான பழம்பாடல்கள் விவசாயக் குடும்பங்களிலேயே வாழ்கின்றன என்பதைப் பார்ட்டொக் உணர்ந்தார். (இவ்வேறுபாட்டை மாணவர் தெளிவாக விளங்கிக்கொள்ளல் வேண்டும். விடைகளில் இவ்விரண்டையும் ஒன்றாக எழுதிவிடுவது வழக்கமாகக் காணப்படும் தவறாகும்.)

1905இல் சோல்டான் கொடாய் இவரது நண்பரானார். இருவரும் 1906இல் இருபது பாடல்கள் அடங்கிய தொகுப்பை வெளியிட்டனர். எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியையும் மெழுகு உருளைகளையும் சுமந்துகொண்டு பார்ட்டொக் ஊர் ஊராகச் சென்றார். வேலை இலகுவாயிருக்கவில்லை. பழம்பாடல்களை நன்கறிந்தவர்கள் வயது முதிர்ந்த பெண்களே. அவர்களோ முன்பின் அறியாத நகரத்து மனிதர் முன் பாடக் கூச்சப்பட்டனர். பழைய பாட்டைக் கேட்டால் தேவாலயப் பாட்டைப் பாடினர். பொறுமையுடன் காத்திருந்து இவர் பதிவு செய்த பழைய மெட்டுகளிற் பல, ஐந்து சுரங்களை மாத்திரம் கொண்டவை. சுலோவாக்கிய, ருமேனிய மக்களின் பாடல்களையும் தொகுத்தார். 1913இல் அல்ஜீரியாவுக்கும் 1936இல் துருக்கிக்கும் சென்றார்.

முதலாம் உலகப் போரின் பின் ஹங்கேரி தன் நிலப்பரப்பின் பெரும்பகுதியை இழந்தது. அந்நிலையில் ருமேனியர் இசையை ஆராய்ந்ததற்காக 1920இல் இவர் தேசப்பற்றற்றவர் எனத் தூற்றப்பட்டார். எனினும் தமது ஆய்வை இவர் கைவிடவில்லை.

இவரது ஆக்கங்களும் உடனே வரவேற்புப் பெறவில்லை. 1911இல் எழுதிய ‘நீலத்தாடியின் கோட்டை’ என்னும் இசை நாடகம் போட்டியில் நிராகரிக்கப்பட்டு, 1918இலேயே மேடை கண்டது. ‘அற்புத மந்தாரின்’ 1926இல் கொலோன் நகரில் முதல் நாளுடனேயே தடைசெய்யப்பட்டது. ஆறு நரம்பிசை நால்வர் ஆக்கங்களும், பியானோ பயில்வோருக்காகப் படிமுறையாக அமைத்த 153 சிறு ஆக்கங்கள் கொண்ட ‘மிக்ரொகொஸ்மொஸ்’ஸும் இவருக்கு நிலையான புகழைத் தந்தன.

நாசிக் கொள்கையை இவர் அடியோடு வெறுத்தார். தாயாரைத் தனியே விட்டுச்செல்ல மனமின்றி இருந்தவர், 1939இல் தாயார் இறந்தபின், 1940 ஒக்டோபரில் மனைவி டிட்டாவுடன் அமெரிக்கா சென்றார். புறப்படுமுன் எழுதிய உயிலில், ஹிட்லர், முசோலினி ஆகியோரின் பெயர்கள் புடாபெஸ்ட்டின் சதுக்கங்களில் இருக்கும்வரை ஹங்கேரியில் எந்தத் தெருவுக்கும் தமது பெயரைச் சூட்டலாகாது எனக் குறிப்பிட்டார்.

அமெரிக்காவில் வருமானம் குறைவு. கச்சேரிகளும் அதிகம் கிடைக்கவில்லை. இரத்தப் புற்றுநோயும் பற்றியது. தானமாக எதையும் ஏற்கமாட்டார் என்பதை அறிந்த நண்பர்கள் சிகெற்றியும் ரைனரும், இவருக்கு ஓர் ஆக்கப்பணி வழங்குமாறு இசைக்குழு நடத்துநர் கூசெவிட்ஸ்கியை இரகசியமாகக் கேட்டுக்கொண்டனர். 1943இல் அவர் வைத்தியசாலைக்கே வந்து அப்பணியை ஒப்படைத்தார். அதன் பயனே 1944 டிசெம்பரில் பொஸ்டனில் அரங்கேறிய ‘வாத்தியக்குழுவுக்கான கொன்சேர்ட்டோ’.

மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாக எழுதிய மூன்றாம் பியானோ கொன்சேர்ட்டோவின் கடைசிப் பதினேழு அளவைகளுக்கு வாத்திய அமைப்புச் செய்யுமுன்னரே, 1945 செப்டெம்பர் 26இல் நியூயோர்க்கில் காலமானார். அப்பகுதியை நண்பர் டிபோர் ஷெர்லி நிறைவு செய்தார். இறுதிச் சடங்கில் மிகச் சிலரே கலந்துகொண்டனர். 1988இல் இவரது உடல் எச்சங்கள் புடாபெஸ்ட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, அரச மரியாதையுடன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன.