ஜான் வெஸ்லியின் வாழ்வும் பரிசுத்தமாக்கல் கோட்பாடும்

பீட்டர் பெர்சிவலுடன் ஆறுமுக நாவலர் விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட வரலாற்றின் வழியே வெஸ்லியன் மிஷன் என்னும் பெயர் தமிழாய்வாளர் நன்கு அறிந்ததே. அம்மிஷனுக்குப் பெயர் தந்த ஜான் வெஸ்லி (1703–1791) வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய பரிசுத்தமாக்கல் கோட்பாடு, அவருடைய வாழ்க்கையோடு எவ்வாறு பின்னிக் கிடந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரைச் சார்ந்த எப்வொர்த் என்னும் ஊரில் திருச்சபைக் குருவின் மகனாக வெஸ்லி பிறந்தார். அவருடைய இளமைக்கும் தமிழ் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்குவும் புளுட்சோவும் ஆற்றிய பணி பற்றிய நூலொன்று ஆங்கிலத்தில் வெளிவந்திருந்தது. அதனைப் படித்த தாயார் சூசன்னா, தம் மக்கள் ஒவ்வொருவரின் ஆன்ம நலனுக்கென வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினார். எட்டு வயதுச் சிறுவனான ஜானுக்கு வாய்த்தது வியாழன். பிற்காலத்தில் தாய்க்கு எழுதிய மடலிலும் அவ்வியாழன் மாலைகளை அவர் நினைவுகூர்ந்தார்.

1725இல் ஜெரமி டெய்லரின் நூலைப் பயின்றபொழுது, வாழ்வின் ஒரு கூற்றை மட்டும் இறைவனுக்கு அளித்தல் இயலாது, முழுமையையும் அளிக்க வேண்டும் என்னும் தெளிவு அவருக்குப் பிறந்தது. தாமஸ் ஆ கெம்பிஸ், வில்லியம் லா ஆகியோரின் நூல்கள் அதனை உறுதிப்படுத்தின. 1733 சனவரி முதல் நாள் ஆக்ஸ்போர்டில் நிகழ்த்திய அருளுரையிலேயே இக்கோட்பாட்டின் கரு முழுமையாக அமைந்துவிட்டது. 1738 மே 24இல் இலண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் அவர் பெற்ற அனுபவத்தையே வரலாற்றாசிரியர் பலர் தொடக்கமாகக் கொள்வர். அந்நாள் அவருக்கு வழங்கியது இலக்கன்று. இலக்கை அடையும் வழியே எனக் கொள்ளுதல் பொருத்தமாகும். நீதிமானாக்கப்படுதல் கிருபையால் நிகழ்வது போலவே பரிசுத்தமாக்கப்படுதலும் விசுவாசத்தின் வழி வருவது என்னும் முடிவுக்கு அவர் அதன் பின்னரே வந்தார்.

அவர் கூறிய பூரணம் யாது? கடவுளை முழு இதயத்தோடும் பிறரைத் தன்னைப் போலவும் நேசித்தல், அவ்வளவே. அறிந்த சட்டத்தை விரும்பி மீறுதலே உரிய பொருளில் பாவம் என வரையறுத்தமையால், பூரணமடைந்தவரும் அறியாமையால் தவறுவர், மீட்பரின் அருள் அவர்க்கும் தேவை என்றார். பாவமற்ற பூரணம் என்னும் தொடரை அவர் விரும்பவில்லை. தமிழில் வழங்கும் பூரணம் என்னும் சொல் நிறைந்து முடிந்த நிலையை உணர்த்துவது. வெஸ்லியின் கருத்தோ அந்நிலைக்குப் பின்னும் வளர்ச்சிக்கு இடமளிப்பது. மக்காரியுசின் பெயரால் வழங்கும் கீழைத் திருச்சபை எழுத்துகளில் அவர் கொண்டிருந்த ஈடுபாட்டை இங்கு இணைத்து நோக்கலாம். தம்பி சார்லஸ், இந்நிலை பொதுவாக மரணத்தறுவாயிலேயே வாய்க்கும் என்னும் கருத்துடையவரானார். ஜானோ வாழ்நாளிலேயே, ஒரு கணத்தில் அது அருளப்படலாம் எனவும், அதற்கு முன்னும் பின்னும் படிப்படியான வளர்ச்சி உண்டு எனவும் கொண்டார்.

கோட்பாட்டிற்குக் கடுஞ்சோதனை இலண்டனில் நேர்ந்தது. 1760ஐ ஒட்டிய ஆண்டுகளில் சங்கத்தார் பலர் பூரணம் பெற்றதாக அறிக்கையிட்டனர். வெஸ்லி அவர்களை ஒவ்வொருவராக விசாரித்தறிந்தார். முன்னாள் படைவீரரான ஜார்ஜ் பெல் ஒரு படி மேலே சென்று, தாம் இறக்கப்போவதில்லை என்றும் 1763 பிப்ரவரி 28இல் உலகம் முடியும் என்றும் முழங்கினார். வெஸ்லியின் தொடக்ககாலப் போதகர்களுள் ஒருவரான தாமஸ் மாக்ஸ்ஃபீல்டு அக்குழுவினர்க்கு ஆதரவாக நின்றார். வெஸ்லி பெல்லைத் தடுக்கக் காலம் தாழ்த்தினார் என்னும் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. உண்மையான அனுபவங்களையும் சேர்த்து அணைத்துவிடுவோமோ என்னும் அச்சமே அத்தயக்கத்திற்குக் காரணம் எனத் தோன்றுகிறது. குறித்த நாளின் மாலையில் அவர் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் அந்த முன்னறிவிப்பின் பொருந்தாமையை எடுத்துரைத்துவிட்டு, வழக்கம்போல் உறங்கச் சென்றார். நகரில் சிலர் அச்சத்தால் இரவு முழுதும் வெளியிடங்களில் திரிந்தனர். மாக்ஸ்ஃபீல்டு தம்மைப் பின்பற்றியவர்களோடு பிரிந்து போனார்.

இழப்புக்குப் பின்னும் வெஸ்லி கோட்பாட்டைக் கைவிடவில்லை, வரம்பு கட்டினார். விசுவாசிகளிடத்தும் பாவம் எஞ்சியிருப்பதை விளக்கும் அருளுரை 1763இல் வெளிவந்தது. 1725 முதலான தம் சிந்தனை வளர்ச்சியைத் தொகுத்துரைக்கும் நூல் 1766இல் வெளியாயிற்று. உணர்ச்சிப் பெருக்கு அன்று, வாழ்க்கையில் வெளிப்படும் அன்பே சான்று என்பது அவர் கொண்ட அளவுகோல். 1774இல் அடிமை வாணிகத்தைக் கண்டித்து எழுதிய சிறுநூலையும், இறப்பதற்குச் சில நாள் முன்பு வில்பர்ஃபோர்ஸுக்கு வரைந்த மடலையும் இவ்வளவுகோலோடு பொருத்திக் காணுதல் தகும்.

பிறரின் அனுபவச் சான்றுகளை இத்துணை ஆர்வத்தோடு திரட்டியவர், தாம் அந்நிலையை எய்தியதாக எங்கும் உரிமை கொண்டாடவில்லை. 1767இல் இலண்டன் செய்தித்தாளொன்றுக்கு எழுதிய மடலில், தாம் தீட்டிய பூரணக் கிறிஸ்தவனின் தகுதி தமக்கு இன்னும் வாய்க்கவில்லை என வெளிப்படையாகவே அறிவித்தார். அதன் பின்னும் இருபதாண்டுகளுக்கு மேல், அதே நிலையை இப்பொழுதே நாடுமாறு மக்களை அழைத்துக்கொண்டே ஊர் ஊராகச் சென்றார்.