முதியோர் பாட்டைத் தேடி நடந்த வியொலெட்டா பார்ரா

தென் அமெரிக்க நாடான சிலியில் 1917 அக்டோபர் 4ஆம் தேதி பிறந்தவர் வியொலெட்டா பார்ரா. தந்தை இசை ஆசிரியர். தாயார் தையல் வேலை செய்தவர். தந்தை இறந்தபின் குடும்பம் வறுமையில் வாடியது. பதின்ம வயதில் தலைநகர் சந்தியாகோவுக்குச் சென்ற வியொலெட்டா, அக்காள் ஹில்டாவுடன் மதுக்கூடங்களில் பாடிப் பிழைத்தார்.

1950களின் தொடக்கத்தில், கவிஞரான அண்ணன் நிக்கனோர் தந்த ஊக்கம் அவரது பாதையை மாற்றியது. கித்தாரும் குறிப்பேடுமாகக் கிராமம் கிராமமாகச் சென்றார். முதியவர்களின் நினைவில் மட்டும் இருந்த பாடல்களைக் கேட்டு எழுதினார். அவர்கள் மறைந்தால் பாடல்களும் மறைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். 1954இல் அப்பாடல்கள் வானொலியில் ஒலித்தன.

1955இல் ஐரோப்பாவுக்குப் பாடச் சென்றபோது, சிலியில் விட்டு வந்த கைக்குழந்தை இறந்த செய்தி வந்தது. அந்தத் துயரையும் பாட்டாக்கினார்.

பின்னர் நோயில் படுத்திருந்தபோது சாக்குத் துணியில் பூத்தையல் ஓவியங்கள் செய்யத் தொடங்கினார். 1964இல் அவை பாரிசின் லூவர் அரண்மனையில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

1965இல் நாட்டார் கலைக்கென சந்தியாகோவில் பெரிய கூடாரம் அமைத்தார். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஆயினும் வாழ்வுக்கு நன்றி கூறும் அவரது புகழ்பெற்ற பாடல் 1966இல் வெளிவந்தது. மனவேதனையோடு போராடிய அவர், 1967 பிப்ரவரி 5ஆம் தேதி, 49 வயதில் மறைந்தார். அவர் பிறந்த நாள் இன்று சிலி இசைக்கலைஞர்களின் தினம்.

மாணவர்களே, வீட்டு முதியவர்களிடம் ஒரு பாட்டைக் கேட்டு எழுதி வைக்க, ஒரு குறிப்பேடு போதும்.