ஃபைல் பேருக்கு 8 எழுத்துதான்! எல்லை போட்ட கேரி கில்டால் யார் தெரியுமா?

இன்னைக்கு கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைலுக்கு நல்ல நீளமாவே பேர் வைக்கலாம். ஆனா 1995 வரை வீட்டு கம்ப்யூட்டர்கள் பலவற்றில் 8 எழுத்து, ஒரு புள்ளி, அதன் பிறகு 3 எழுத்து. அவ்வளவுதான். இந்த வழக்கத்தைப் பரவலாக்கியவர் கேரி கில்டால்.

யார் இவர்?

1942-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தவர். கம்ப்யூட்டர் அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்று, கலிபோர்னியாவின் மான்டரேயில் கடற்படை உயர்கல்வி நிறுவனத்தில் பாடம் நடத்தினார். 1974-ல் சிபி/எம் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கினார். மனைவி டோரதியுடன் சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தையும் தொடங்கினார்.

ஏன் 8 எழுத்து?

அப்போதைய ஃபிளாப்பியில் சுமார் 250 கேபி மட்டுமே இடம். அதனால் ஒவ்வொரு ஃபைலின் விவரத்துக்கும் சிபி/எம் ஒதுக்கியது 32 பைட். அதில் பெயருக்கு 11 பைட்: 8 பெயருக்கு, 3 ஃபைல் வகைக்கு. புள்ளி சேமிக்கப்படாது. தற்செயலா, கேரி கில்டால் என்ற பெயரும் ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாம எழுதினா சரியா 11 எழுத்து!

கைநழுவிய வாய்ப்பு

1980-ல் ஐபிஎம் ஆட்கள் ஆபரேட்டிங் சிஸ்டம் கேட்டு வந்தாங்க. கில்டால் அன்று விமானத்தில் வேறொரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்தார். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட டோரதி தயங்கினார். அதன்பின் நடந்தது பற்றி இன்றும் பல கதைகள் உண்டு. முடிவு ஒன்றுதான்: பேரம் படியவில்லை.

மைக்ரோசாஃப்ட் வேறொரு நிறுவனத்தின் மென்பொருளை வாங்கி, ஐபிஎம்முக்கு டாஸ் ஆக்கிக் கொடுத்தது. அது பல விதங்களில் சிபி/எம் போலவே இருந்தது. 8+3 பெயர் முறையும் அப்படியே! கில்டால் எதிர்ப்பு தெரிவித்ததால் சிபி/எம்மையும் விற்க ஐபிஎம் ஒப்புக்கொண்டது. ஆனா டாஸ் விலை 40 டாலர், சிபி/எம் விலை 240 டாலர். மக்கள் எதை வாங்கியிருப்பாங்க?

எல்லை உடைந்தது எப்போ?

1991-ல் நிறுவனம் நோவெல் கைக்குப் போனது. 1994 ஜூலையில், தலையில் ஏற்பட்ட காயத்தால் 52 வயதில் கில்டால் காலமானார்.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் 95, 255 எழுத்து வரை பெயர் வைக்க அனுமதித்தது. நீளமான பெயரை 13 எழுத்துத் துண்டுகளாகப் பிரித்து, கூடுதல் 32 பைட் பதிவுகளில் வைத்தாங்க. பழைய புரோகிராம்களுக்காகக் குட்டிப் பெயர் ஒன்றும் தொடர்ந்தது. பல விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அந்த 8+3 பெயர் இன்னைக்கும் மறைவா இருக்கு.

2014-ல் பசிபிக் குரோவில், கில்டாலின் பழைய அலுவலகக் கட்டிடம் முன் ஐஇஇஇ அமைப்பு நினைவுப் பலகை வைத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.