உருகும் பனிக்கட்டி சொல்லும் உண்மை

பொருளியல் வகுப்பில் விலைக் குறியீட்டெண் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம், அடிப்படை ஆண்டு பழையதாகிவிட்டால் பிழையின்றிக் கணக்கிட்ட எண்ணும் நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும் என்று மாணவர்களிடம் வலியுறுத்துவேன். அண்மையில் இன்சுலின் வாங்கச் சென்ற மருந்துக் கடையில் அந்தப் பாடம் நினைவுக்கு வந்தது. குளிர்பதனப் பெட்டியின் டிஜிட்டல் வெப்பமானி 7.4 டிகிரி எனக் காட்டியது. அதைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று கேட்டேன். கடையில் இருந்த எவருக்கும் தெரியவில்லை.

இந்தக் கேள்வியை வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். 1818-இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரில், பீர் வடிப்பாலை நடத்திய குடும்பத்தில் பிறந்தார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை; இளமையில் ஜான் டால்டனிடம் பாடம் கேட்டார். எடைகள் கீழிறங்கும் விசையால் நீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி, இயந்திர வேலை எவ்வளவு வெப்பமாகிறது என்று அளந்தார். நீரின் வெப்பநிலை ஒரு பாரன்ஹீட் டிகிரிகூட உயரவில்லை. அத்தனை நுண்ணிய மாற்றத்தை நம்பத் தொடக்கத்தில் பலர் தயங்கினர். 1847-இல் ஆக்ஸ்போர்டு கூட்டத்தில் இளம் வில்லியம் தாம்சன் காட்டிய ஆர்வமே அவருக்குத் திருப்புமுனையாயிற்று.

ஆயினும், என்னை அதிகம் கவர்ந்தது அவருடைய வேறொரு பணி. 1844 முதல் 1882 வரை, ஏறத்தாழ 38 ஆண்டுகள், ஒரே பாதரச வெப்பமானியை அவ்வப்போது உருகும் பனிக்கட்டியில் வைத்து, அதன் சுழிப்புள்ளியைக் குறித்துவந்தார். கண்ணாடிக் குமிழ் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்கியதால் பாதரசம் மேலேறியது. முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் உயர்ந்த அந்தப் புள்ளி, மொத்தத்தில் சுமார் ஒரு பாரன்ஹீட் டிகிரி நகர்ந்திருந்தது. வெப்பநிலை வேறுபாட்டை மட்டுமே அளந்த துடுப்புச் சோதனையை அந்நகர்வு பெரிதாகப் பாதிக்காது. இருந்தும் தம் கருவியின் பிழையைத் தாமே பதிவு செய்தார்.

இன்று கண்ணாடியின் இடத்தில் சிலிக்கான் சில்லும் தெர்மிஸ்டரும் வந்துவிட்டன. ஈரப்பதமும் வெப்பமும் அழுத்தமும் நாளடைவில் அவற்றின் அளவையும் நகர்த்துகின்றன. தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் தெரிவதாலேயே அது துல்லியமாகிவிடாது. தடுப்பூசிகள் பலவும் இன்சுலினும் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டியவை. 7.4 காட்டும் கருவி ஒரு டிகிரி குறைத்துக் காட்டினால், மருந்து ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டது.

நீரில் அமிழக்கூடிய உணரியானால், நொறுக்கிய பனிக்கட்டியும் தூய நீரும் கலந்த ஒரு குவளையே முதற்கட்டச் சோதனைக்குப் போதும். சரிபார்த்த தேதியை ஒவ்வொரு கருவியின் மீதும் எழுதி ஒட்டுவதைக் கட்டாயமாக்கலாம். செலவு அற்பம்; காக்கப்படுவது உயிர்.

1889-இல் மறைந்த ஜூலின் கல்லறையில் அவர் கண்டறிந்த 772.55 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்ணை உலகம் நம்பியதற்கு, தம் கருவியை அவர் ஒருபோதும் கண்மூடி நம்பாததும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.